லத்தீன் காதல் கவிதை: முதலில் சீர் பிரியுங்கள், பிறகு மொழிபெயருங்கள்

லத்தீன் இலக்கணம் ஓரளவு கைவந்துவிட்டது, இனி கதுல்லுஸ், ஓவிட் என்று காதல் கவிதைகளுக்குள் போகலாம் என்று இருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தால் போதாதா, ஒவ்வொரு வரியையும் அசை அசையாகப் பிரித்துக்கொண்டிருப்பது தேர்வு எழுதுகிறவர்களின் வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதுதான் என் பதில். லத்தீனில் பல இடங்களில் வரியின் பொருளையே யாப்புதான் முடிவு செய்கிறது. அதனால் சீர் பிரித்த பிறகே மொழிபெயர்க்க உட்கார வேண்டும்.

சொன்னால் நம்புவது கடினம், ஓர் இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கதுல்லுஸின் 51ஆம் கவிதை, கிரேக்கக் கவிஞர் சாஃபோவின் பாடல் ஒன்றை அவர் லத்தீனில் ஆக்கியது. காதலியைப் பார்த்த மாத்திரத்தில் நாக்கு எழவில்லை, உடம்புக்குள் தீ இறங்குகிறது, காது இரைகிறது. உடனே வருகிறது இது:

தின்தினன்த் ஔரேஸ், கெமினா தெகுன்துர்
லூமின நொக்தெ.

(லத்தீன் வரிகளைப் பழைய ரோம உச்சரிப்புப்படி எழுதுகிறேன், 'சிசரோ' அவர்கள் வாயில் 'கிகெரோ'.) 'லூமின' என்றால் கண்கள். 'தெகுன்துர்', மூடப்படுகின்றன. 'நொக்தெ', இரவால். 'கெமினா' என்றால் இரட்டையான. எது இரட்டை? லத்தீனில் அடைமொழி தன் பெயர்ச்சொல்லை விட்டு எவ்வளவு தூரமும் விலகி நிற்கலாம். வேற்றுமை உருபை வைத்துத்தான் சேர்க்க வேண்டும். அந்தச் சொல்லின் கடைசி உயிர் குறிலானால் அது கண்களோடு சேரும்: 'இரு கண்களும் இரவால் மூடப்படுகின்றன'. நெடிலானால் இரவோடு சேரும்: 'இரட்டை இரவால் கண்கள் மூடப்படுகின்றன'. ஆனால் பதிப்புகளில் நெடில் குறி போடுவதில்லை. பக்கத்தில் இருப்பது வெறும் 'அ' எழுத்துதான். எல்லோருக்கும் கண் இரண்டு என்பதால் பொது அறிவு முதல் பொருளைத்தான் எடுக்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். சாஃபோவின் யாப்பில் பதினோரு அசை. எட்டாவது அசை கனமாக, அதாவது குருவாகத்தான் இருக்க வேண்டும். தின்-தி-னன்-தௌ-ரேஸ்-கெ-மி-னா. எட்டாவது 'னா'. நெடில். ஆகவே இரட்டையாக இருப்பது இரவு. கண்ணுக்கு ஓர் இரவாக இரண்டு இரவுகள் அவன் மேல் இறங்குகின்றன. இதை அகராதியோ இலக்கண அட்டவணையோ சொல்லித் தராது. அசையை எண்ணியவருக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று, இதைவிடச் சிறியது. அந்தக் காலத்து ரோமானியப் பெண்கள் எழுதிய லத்தீன் கவிதை நமக்கு மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. அதில் முதலிடம் சுல்பிசியாவுக்கு. திபுல்லுஸ் என்ற ரோமக் கவிஞரின் நூல்தொகுப்போடு சேர்ந்து தப்பிப் பிழைத்த ஆறு சிறு கவிதைகள், மொத்தம் 40 வரி. அவற்றில் ஒன்று 'தன்டெம் வேனித் அமொர்' என்று தொடங்குகிறது. அந்த வினைச்சொல்லை 'வெனித்' என்று குறிலாகப் படித்தால் 'கடைசியில் காதல் வருகிறது'. 'வேனித்' என்று நெடிலாகப் படித்தால் 'கடைசியில் காதல் வந்துவிட்டது'. அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் சீர் 'தன்டெம்' முடிந்து இரண்டாம் சீர் தொடங்கும் இடம் அது. சீரின் முதல் அசை குருவாக இருந்தே ஆக வேண்டும். எனவே 'வேனித்'. வந்துவிட்டது. அதை மூடி மறைப்பதைவிட வெளியே சொல்வதே மேல் என்று அவள் தொடர்ந்து சொல்வதற்கு அந்த இறந்தகாலம்தான் அடித்தளம்.

எல்லா வரியிலும் இப்படி ஒரு திருப்பம் காத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான வரிகளில் சீர் பிரிப்பு நீங்கள் ஏற்கெனவே ஊகித்த இலக்கணத்தை உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் எந்த வரியில் திருப்பம் இருக்கிறது என்பது பிரித்துப் பார்க்காமல் தெரியாது.

மேலே லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதியதற்குக் காரணம் உண்டு. உங்களையும் அப்படியே செய்யச் சொல்வேன். எ, ஏ, ஒ, ஓ என்று எல்லா உயிருக்கும் குறில் நெடிலைத் தனித்தனி எழுத்தாக நம் எழுத்துமுறை காட்டுகிறது. ரோமன் எழுத்தில் அது இல்லை. தேவநாகரியிலும் எகர ஒகரக் குறில் இயல்பாக இல்லை. மூடிய அசையை நம் புள்ளி உடனே காட்டிவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர் பல மாதம் பழகிப் பெறும் குறில்நெடில் உணர்வு, 'பல்', 'பால்' என்று பேசி வளர்ந்த காதுக்கு முன்பே இருக்கிறது. நம் எழுத்தில் ப, த, க போன்றவற்றின் ஒலிப்பு வேறுபாடு தெரியாதுதான். யாப்புக்கு அது தேவையே இல்லை.

விதிகள் குறைவு. நெடில் வந்தால் குரு. ஐ, ஔ போன்ற கூட்டுயிர் வந்தாலும் குரு. தமிழில் போல ஐகாரம் அங்கே குறுகுவதில்லை. குறிலுக்குப் பின் இரண்டு மெய் வந்தால், இரண்டாவது மெய் அடுத்த சொல்லில் இருந்தாலும், குரு. மற்றதெல்லாம் லகு. 'க்வ' ஒரே மெய்யாகக் கணக்கு, தமிழில் எழுதும்போது இரண்டுபோல் தெரிவதால் இதில் கவனம் தேவை. வல்லின மெய்யை அடுத்து ர, ல வந்தால் கவிஞர் இஷ்டப்படி ஒன்றாகவும் கொள்வார், இரண்டாகவும் கொள்வார். சொல்லின் கடைசி மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், அதன்மேல் ஏறிக்கொள்ளும். 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூலில் படித்தது அங்கேயும் செல்லும். சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் முதல் உயிர் விழுங்கப்படும், நம் குற்றியலுகரம் மறைவதுபோல. ஆனால் அங்கே எல்லா உயிரும் இப்படி மறையும், 'அம்', 'உம்' என்று மகர ஒற்றோடு முடிவனவும் மறையும். ஒரே எச்சரிக்கை: நேரசை நிரையசைக் கணக்கை இதற்குள் கொண்டுவராதீர்கள். தமிழில் தனிக்குறிலும் நேர், தனிநெடிலும் நேர். லத்தீனில் அந்த வேறுபாடுதான் எல்லாமே. வடமொழி விருத்தங்களில் வரும் குரு, லகு கணக்குதான் பொருந்தும்.

இந்தக் கவிதைகளில் பாதிக்கு மேல் எலிஜியாக் ஈரடியில் அமைந்தவை (எலிஜி என்பது இந்த ஈரடியில் எழுதும் கவிதை வகை). முதலடி ஹெக்சாமீட்டர், ஆறு சீர். 'தா' குரு, 'த' லகு என்று வைத்துக்கொண்டால், சீர் 'தாதத' ஆகவோ (இது டாக்டில்) 'தாதா' ஆகவோ (இது ஸ்பாண்டி) வரலாம். ஐந்தாம் சீர் அநேகமாக எப்போதும் தாதத. ஆறாவது எப்போதும் இரண்டே அசை. இரண்டாமடி பென்டாமீட்டர்: இரண்டரைச் சீர், ஒரு வெட்டு, மறுபடி இரண்டரைச் சீர், வெட்டுக்குப் பின் தாதத மட்டுமே வரலாம். கதுல்லுஸின் 85ஆம் கவிதை முழுவதுமே ஒரு ஈரடிதான்:

ஓடீ எத் அமோ. க்வாரே இட் ஃபகியம், ஃபொர்தஸ்ஸெ ரெக்வீரிஸ்?
நெஸ்கியொ, ஸெட் ஃபியெரீ ஸென்தியோ எத் எக்ஸ்க்ருகியொர்.

பிரித்தால்:

ஓடெத | மோக்வா | ரிட்ஃபகி | யம்ஃபொர் | தஸ்ஸெரெ | க்வீரிஸ்
நெஸ்கியொ | ஸெட்ஃபியெ | ரீ || ஸென்தியெ | தெக்ஸ்க்ருகி | யொர்

14 சொல். அதில் எட்டு வினை. பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை, அடைமொழி ஒன்றுகூட இல்லை. மூன்று இடத்தில் உயிர் விழுங்கப்படுகிறது. 'ஓடீ' (வெறுக்கிறேன்) என்ற சொல்லின் கடைசி உயிர் 'எத்' (உம்) என்பதற்குள் மறைகிறது; 'ஸென்தியோ' (உணர்கிறேன்) என்பதன் கடைசி உயிர் மறைந்து, 'எத்' வழியாக 'எக்ஸ்க்ருகியொர்' (வதைபடுகிறேன்) என்பதோடு ஒட்டிக்கொள்கிறது. வாய்விட்டுப் படித்தால் வெறுப்புக்கும் காதலுக்கும் நடுவில் மூச்சு விட இடமே கிடைக்காது. முதலடியின் நடுவில் கனமான சீர்கள் தயங்குகின்றன. இரண்டாமடி முழுக்கத் தாதத, தாதத என்று நிற்காமல் ஓடி 'எக்ஸ்க்ருகியொர்' என்ற நீண்ட சொல்லில் போய் முட்டுகிறது. அதற்குள் இருப்பது 'க்ருக்ஸ்', அடிமைகளை அறைந்து கொன்ற சிலுவை.

இதைத் தமிழில் ஆக்கிப் பார்த்தால் ஆங்கிலத்தைவிட நமக்கு வசதி அதிகம் என்பது புரியும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'நான்' என்று சொல்லியாக வேண்டும்; லத்தீனில் போலவே தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும்.

வெறுக்கிறேன், காதலிக்கிறேன். ஏன் செய்கிறேன் என்று கேட்பாய் ஒருவேளை.
தெரியவில்லை. நடக்கிறது, உணர்கிறேன், வதைபடுகிறேன்.

'ஏன் செய்கிறேன்' என்ற கேள்விக்கு 'நடக்கிறது' என்று பதில் வருவதுதான் இந்தக் கவிதையின் உயிர்நாடி. லத்தீனில் 'ஃபகியம்' (நான் செய்வது), 'ஃபியெரீ' (ஆகிப்போவது) என்று அடிக்கு ஒன்றாக நிற்கின்றன. செய்பவனாகத் தொடங்கியவன் படுபவனாக முடிகிறான். தமிழில் '-படு' அந்தக் கடைசிச் சொல்லில் தானாக வந்து அமர்கிறது.

ஆறு சீர், அடுத்து ஐந்து சீர் என்றதும் குறள் வெண்பா உங்களுக்கு நினைவு வந்திருக்கும். நான்கு சீர், அடுத்து மூன்று. இரண்டாமடி குறைந்து முடிவது இரண்டிலும் பொதுதான். அதனால் எலிஜி ஈரடிகளைக் குறள் வெண்பாவாக ஆக்கிவிடலாம் என்ற ஆசை வரும். 85ஆம் கவிதை போன்ற தனி ஈரடியில் முயன்று பாருங்கள், நல்ல பயிற்சி. பத்து இருபது ஈரடி தொடரும் ஓவிடின் கவிதையில் வேண்டாம். குறள் ஒவ்வொன்றும் கதவைச் சாத்திவிட்டுத்தான் முடியும், கதை நகராது. தளை கெடாமல் இருக்க நீங்கள் சேர்க்கும் அசைச்சொற்கள் மூலத்தில் இல்லாத சதையாகத் தொங்கும். அடிக்கு அடி உரைநடையாக எழுதுவதே போதும்.

யாப்பே கவிதையின் பொருளாக ஆவதைப் பார்க்க ஓவிடின் காதல் கவிதை நூலான 'அமோரெஸ்' முதல் கவிதைக்குப் போங்கள். 'அர்ம க்ரவீ நுமெரோ' என்று தொடங்குகிறது: ஆயுதங்களையும் போர்களையும் கனமான யாப்பில் பாட ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். வர்ஜிலின் 'ஈனியட்' காவியமும் 'அர்ம' என்ற அதே சொல்லில்தான் தொடங்கும். முதலடி முறையான ஹெக்சாமீட்டர். கேட்பவர் காவியம் என்றே நினைப்பார். இரண்டாமடி வந்ததும் ஒரு சீர் குறைகிறது. ஏன் என்று அவரே சொல்கிறார்: இரண்டாமடியும் சமமாகத்தான் இருந்தது, காதல் தெய்வம் க்யூபிட் சிரித்துவிட்டு ஒரு சீரைத் திருடிக்கொண்டான். அதன் பிறகுதான் அவன் அம்பு எய்கிறான். அதாவது ஓவிட் காதலில் விழுவதற்கு முன்பே அவர் யாப்பு காதலில் விழுந்துவிட்டது. உரைநடை மொழிபெயர்ப்பில் இதைப் படிப்பவருக்கு ஒரு செய்தி கிடைக்கும். சீர் பிரித்துப் படிப்பவருக்குத் திருட்டு நடக்கும் இடமே தெரியும். அதே நூலின் மூன்றாம் பகுதியில் எலிஜியே ஒரு பெண்ணாக, வாசனைக் கூந்தலோடு நடந்து வருகிறாள். அவளுக்கு ஒரு கால் மற்றதைவிட நீளம், ஈரடியின் அடிகளைப் போலவே. அதுவே அவளுக்கு அழகு சேர்த்தது என்கிறார்.

இதற்கு எதிர்ப்பக்கம் கதுல்லுஸின் எட்டாம் கவிதை. 'மிஸெர் கதுல்லெ, டேஸினாஸ் இனெப்தீரெ': பாவி கதுல்லுஸே, பைத்தியக்காரத்தனத்தை நிறுத்து. லகு, குரு என்று ஒழுங்காக நடந்துவரும் அடி, கடைசியில் லகு வரவேண்டிய இடத்தில் குரு வந்து நொண்டுகிறது. நொண்டி அயாம்பிக் என்றே இதற்குப் பெயர். உறுதியாக இரு என்று தனக்குத்தானே கட்டளையிடும் ஒருவன் அடிக்கு அடி தடுக்கிக்கொண்டே பேசுகிறான். அவன் சொல்வதை நம்பலாமா என்ற கேள்விக்கு யாப்பு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது.

தமிழில் எதைக் கொண்டுவரவே முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ரொபெர்தியுஸ் என்ற ரோமக் கவிஞரின் முதல் நூலின் முதல் வரி:

கின்திய ப்ரீம ஸுயீஸ் மிஸெரும் மே கேபித் ஒகெல்லீஸ்

'சிந்தியாதான் முதலில் தன் கண்களால் பாவி என்னைப் பிடித்தாள்.' லத்தீன் வரிசையில் 'தன்' என்ற 'ஸுயீஸ்' வரியின் நடுவில் வரும் நிறுத்தத்துக்குச் சற்று முன். 'கண்களால்' என்ற 'ஒகெல்லீஸ்' வரியின் கடைசியில். இந்த இரண்டுக்கும் நடுவில் 'பாவி என்னை' என்பது மாட்டிக்கொண்டிருக்கிறது. அவன் சிக்கிய நிலையைச் சொல்லடுக்கே காட்டுகிறது. தமிழில் 'தன்' என்பதைக் 'கண்கள்' என்பதிலிருந்து இவ்வளவு தூரம் பிரித்தால் வாக்கியம் உடைந்துவிடும். நம்மால் முடிந்தது 'சிந்தியா' என்று தொடங்குவது மட்டும். வேறு சில இடங்களில் முடிகிறது. கதுல்லுஸின் ஐந்தாம் கவிதையில் ஒரு வரி 'லூக்ஸ்', ஒளி, என்று முடிகிறது. அடுத்த வரி 'நொக்ஸ்', இரவு, என்று தொடங்குகிறது. இரண்டும் ஓரசைச் சொற்கள், நடுவில் வரி முறிவு மட்டும். தமிழில் வினையை முன்னால் தள்ளிப் பெயரில் முடிக்க வழி இருப்பதால் இப்படி எழுதலாம்:

ஒருமுறை மறைந்துவிட்டால் நமக்கு இந்தச் சிறிய ஒளி,
இரவு, முடிவே இல்லாத ஒன்று, உறங்கித் தீரவேண்டியது.

அந்த 'மறைந்துவிட்டால்' என்பதும் யாப்பு கொடுத்ததுதான். 'ஒக்கிடித்' என்று நடு அசை குறிலானால் 'அஸ்தமித்தல்'. 'ஒக்கீடித்' என்று நெடிலானால் 'கொல்லுதல்'. ஏழாவது அசை அங்கே லகுவாக இருக்க வேண்டும்.

சொல் தேர்வில் ஒன்று சொல்ல வேண்டும். நம் அகத்திணைச் சொற்களை, தலைவி, தோழி, ஊடல் என்று, இந்தக் கவிதைகளின் மேல் போர்த்தாதீர்கள். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. ரோம எலிஜியின் வழக்கமே பெயர் சொல்வது. உண்மைப் பெயரை மறைத்துப் புனைபெயரைச் சொல்வது. இதிலும் யாப்பு நுழைகிறது. கதுல்லுஸின் லெஸ்பியா என்பது க்ளோடியா, திபுல்லுஸின் டேலியா என்பது ப்லானியா, ப்ரொபெர்தியுஸின் சிந்தியா என்பது ஹொஸ்தியா என்று இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயுஸ் என்ற எழுத்தாளர் எழுதிவைத்தார். ஒவ்வொரு ஜோடியையும் அசை பிரித்துப் பாருங்கள்: லெஸ்-பி-ய, க்ளோ-டி-ய, டே-லி-ய, ப்லா-னி-ய, கின்-தி-ய, ஹொஸ்-தி-ய. எல்லாமே தாதத. வரியில் புனைபெயரை எடுத்துவிட்டு உண்மைப் பெயரை வைத்தால் யாப்பு துளியும் கெடாது. விஷயம் தெரிந்த நண்பர்கள் தனிமையில் அப்படித்தான் படித்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். கதுல்லுஸின் பதினோரசைக் கவிதைகளில் தொடங்குங்கள்: 5, 7, 3. அந்த யாப்பில் முதல் இரண்டு அசை தவிர மற்ற எல்லாம் ஏறக்குறைய நிலையானவை என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். 'டெயின்டெ' என்பதை மூன்று அசையாக எண்ணினால் வரி பன்னிரண்டாகிவிடும். அது இரண்டே அசை என்பதை அப்படித்தான் பிடிக்க முடியும். ஐந்தாம் கவிதையில் ஆயிரம், நூறு என்று மாறிமாறி 3,300 முத்தம் கேட்டுவிட்டுக் கணக்கைக் குழப்பிவிடுவோம் என்கிறார். கணக்குப் புத்தகத்தில் புழங்கும் சொல்லை அங்கே கொண்டுவருவதைத் தவறவிடாதீர்கள். பிறகு ஈரடிகள்: 85, 70, 72. பிறகு ஓவிட், 'அமோரெஸ்' முதல் நூலில் 1, 5, 9. ஓவிடின் ஈரடி எல்லாரையும்விடச் சீரானது, பென்டாமீட்டர் அநேகமாக எப்போதும் ஈரசைச் சொல்லில் முடியும், எனவே காது பழகுவதற்கு அவரே நல்ல ஆசிரியர். சுல்பிசியா குறைந்த வரிகள், ஆனால் வாக்கிய அமைப்பு கடினம். ஓவிடுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். திபுல்லுஸை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், மென்மையானவர். ப்ரொபெர்தியுஸின் முதல் நூல் மட்டும் இப்போது போதும். இரண்டாம் நூலில் சுவடிகளே குழப்பமாக இருப்பதால் எங்கே ஒரு கவிதை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதிலேயே பதிப்பாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை.

தினசரி வேலைக்கு ஒரு நோட்டு போதும். இடப்பக்கம் லத்தீன் வரி, அதன் கீழே தமிழ் எழுத்தில் பிரித்த சீர். நெடிலா குறிலா என்று சந்தேகம் வந்தால் லூயிஸ், ஷார்ட் இருவரின் அகராதியில் பாருங்கள். பெர்சியஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தானாகச் சீர் பிரித்துத் தரும் கருவிகளும் இணையத்தில் உண்டு, நீங்கள் கையால் பிரித்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் அவற்றைத் திறங்கள். வலப்பக்கம் உங்கள் மொழிபெயர்ப்பு. அதை எழுதி முடிக்கும் வரை மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடும் லோப் வரிசையின் அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் எதிர்ப்பக்க ஆங்கிலத்தை ஒரு காகிதத்தால் மூடி வையுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது ஒவ்வொரு சீரின் தலையிலும் அடித்து அடித்துப் படிக்க வேண்டாம். நெடிலை நெடிலாகவும் ஒற்றை ஒற்றாகவும் முழுமையாக ஒலித்தால் தாளம் தானே எழும். நாளுக்கு ஆறு வரி போதும். 85ஆம் கவிதையும் 51ஆவதும் மனப்பாடம் ஆகிவிட்டால் எழுதுங்கள், ப்ரொபெர்தியுஸின் நான்காம் நூலில் சிந்தியாவின் ஆவி வந்து பேசும் ஏழாம் கவிதையைச் சேர்ந்து பிரிக்கலாம்.